சமைத்தவரும் பந்தியில் இருக்கட்டும்

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் விருந்து என்றால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பிள்ளைகள், பிறகு ஆண்கள், அதன் பிறகு வந்த பெண்கள். எல்லோரும் கைகழுவிய பின்னர், சமைத்தவர் குசினிக்குள் நின்றபடி சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவார். என் அம்மா நெடுங்காலம் அப்படித்தான் சாப்பிட்டார். அவருடைய நண்டுக்கறியைப் புகழாத உறவினர்கள் இல்லை. ஆனால் அவரைப் பக்கத்தில் இருத்தி, ‘நீங்களும் சாப்பிடுங்கள்’ என்று கோப்பையில் பரிமாறிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை. விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு ஆடி, ஆவணி மாதங்களில் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளும், கொழும்பிலிருந்து சித்தப்பா குடும்பம், அலுவலகத் தோழிகள், கணவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் என்று வீடு நிறைந்துவிடும். அவர்களோடு இருந்து கதைக்க ஆசைப்பட்டுத்தான் கூப்பிடுகிறோம். கூப்பிட்டுவிட்டு அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் கூப்பிட்டதில் என்ன பயன்? அதனால் எதை வீட்டில் சமைப்பது, எதைக் கடையில் சாப்பிடுவது என்பதை ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானிக்கிறேன்: இந்தச் சாப்பாட்டில் சமைத்தவர் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார முடியுமா?

அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் தோசை வீட்டுப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நாலு பேருக்கு மேல் என்றால் தோசை சுடுகிறவர் கல்லை விட்டு அசைய முடியாது. முதல் தோசை சாப்பிட்டவர் எழும்பிப் போகும்போதுகூடக் கடைசித் தோசைக்கு மா இருக்கும். அப்பமும் அப்படித்தான். இவற்றைக் கடையில் போய்ச் சாப்பிடுவதே நல்லது. இடியப்பம் கடினமான வேலை, உரலைப் பிழிந்து கை கடுத்துவிடும். ஆனால் அதற்கு எங்கள் ஊரில் ஓர் அருமையான வழி இருக்கிறது. போரில் துணையை இழந்து, வீட்டிலிருந்தே இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதல்நாள் பின்னேரமே எத்தனை வேண்டும் என்று சொல்லிவிட்டால், விடிய ஆறரைக்கு ஆவி பறக்கப் பெட்டியில் வந்துவிடும். விலை பேசாதீர்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், கூட்டம் பெரிதென்றால் முற்பணமும் கொடுங்கள், ஏனென்றால் அரிசிமாவும் விறகும் அவர்கள் கைக்காசில்தான் வாங்க வேண்டும். வீட்டில் சொதியும் சம்பலும் மட்டும் செய்தால் போதும். சம்பலுக்குத் தேங்காய் துருவும் வேலையைக் கனடாப் பிள்ளைகளிடம் விட்டால் துருவலையில் ஏறி இருப்பதற்குச் சண்டையே நடக்கும்.

புட்டு கூட்டத்துக்கு ஏற்றது. முன்கூட்டியே அவித்து மூடிய பானையில் வைத்தால் சூடு நெடுநேரம் நிற்கும். சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் சமமாகக் கலந்தால் வயதானவர்களுக்கும் மென்மையாக இருக்கும். நீரிழிவு உள்ள பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் ஒரு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டு தனியாக அவிக்கிறேன்.

ஆனால் கூடிச் சாப்பிடுவதற்கென்றே பிறந்த சாப்பாடு ஒடியல் கூழ். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியலை இடித்த மாதான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ மா போதும். இந்த மாவில் இயல்பாகவே ஒரு கயப்பு இருக்கிறது. காலையிலேயே நிறையத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். மா அடியில் படிந்ததும் மேலே நிற்கும் நீரை மெதுவாக வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கயப்புப் போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு இறால் போட்டாலும் கூழ் தேறாது.

முற்றத்து மாமரத்தடியில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையை ஏற்றுவோம். பாலை விறகு என்றால் நின்று எரியும். தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் போகும். இவை அரை அவியல் ஆனதும் மீன் தலையும் துண்டுகளும், நண்டும், இறாலும் சேரும். முருங்கையிலையோ முளைக்கீரையோ கடைசிக்கு முன். செத்தல் மிளகாயை அம்மியில் மை போல அரைத்துப் பழப்புளிக் கரைசலோடும் மாவோடும் கலந்து ஊற்றுவது கடைசி. அதன்பிறகு அகப்பையை ஓய விடக்கூடாது. மா அடியில் பிடித்தால் முழுப் பானையும் புகை மணக்கும். கூழ் அகப்பையிலிருந்து நூலாக இறங்காமல் திரளாக வழிந்தால் பதம்.

இந்த வேலை முழுவதையும் ஒருவர் செய்யவே முடியாது, அதுதான் கூழின் சிறப்பு. அத்தான் நண்டு உடைப்பார். தம்பி விறகு தள்ளுவான். அம்மா பலாக்கொட்டையின் தோலை உரித்தபடி அகதி முகாம் கதையிலிருந்து கல்யாணக் கதை வரை எல்லாம் சொல்வார். பெரியப்பா பனையோலையில் பிளா, அதாவது கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணம், கோலுவார். எண்பதைத் தாண்டியவர், கை நடுங்கும், ஆனால் ஓலையை எடுத்து மடிக்கத் தொடங்கினால் அந்த நடுக்கம் நின்றுவிடும். ஓர் ஓலையை எடுப்பார், நடுவில் மடிப்பார், நுனியைச் செருகுவார். சூடான கூழை ஊற்றினாலும் ஒரு துளி ஒழுகாது. மொன்றியலில் பிறந்த என் அக்காவின் மகள் சென்ற முறை அவர் காலடியில் இருந்து அதைக் கற்றுக்கொண்டாள். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்த வேலைக்கு அவர்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

கூழ் வெந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பானையைச் சுற்றி இருந்துவிடலாம். பரிமாறத் தனி ஆள் தேவையில்லை, அகப்பை கைமாறிக்கொண்டே போகும். தேங்காய்ச் சொட்டு ஒரு கடி, கூழ் ஒரு வாய். அம்மாவும் எங்களோடு அந்த வட்டத்தில் இருக்கிறார். நான் வேண்டியது அவ்வளவுதான்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நண்டும் இறாலும் சிலருக்கு உடலில் தடிப்பை உண்டாக்கும், மூச்சடைப்பு வரையிலும் போகலாம். ஆகவே கூப்பிடும்போதே கேட்டுவிடுகிறேன். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தனிப் பானை, தனி அகப்பை. ‘நண்டைப் பொறுக்கிவிட்டுக் குடியுங்கள்’ என்று சொல்வது ஆபத்து. விரதக்காரருக்கு மரக்கறிக் கூழும் அந்தத் தனிப் பானையிலேயே ஆகிவிடும். தண்ணீரூற்றிலிருந்து வரும் என் முஸ்லிம் தோழிக்குக் கூழ் எந்தத் தடையும் இல்லாமல் பொருந்துகிறது. கோழி சமைக்கும் நாளென்றால் அவளுக்குச் சரியான கடை எது என்று அவளிடமே கேட்டு அங்கே வாங்குகிறேன். அதை எல்லோருக்குமாகச் சமைத்தால் தனிச்சட்டி என்ற பேச்சே இல்லை.

மீன் வாங்குவதற்கு முல்லைத்தீவுக் கடற்கரைக்கு விடியப் போக வேண்டும். கரைவலை இழுத்து முடியும் நேரத்தில் நின்றால் சூடையும் கீரியும் பாரையும் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஐஸ் போட்ட பெட்டி கொண்டுபோக மறந்துவிடுகிறார்கள், ஏ35 வீதியில் திரும்பி வரும்போது வன்னி வெயில் மீனை விட்டுவைக்காது. நந்திக்கடல் இறால் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குவேன். கொஞ்சம் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாலே இனிக்கும். வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் இறங்காத நாட்களும் உண்டு. அந்த மாதங்களில் வருகிற விருந்தாளிக்குக் கடல் மீன் வாக்குக் கொடுக்காமல் குளத்து மீனுக்குப் போவது நல்லது. விராலைப் புளி தூக்கலாகக் குழம்பு வைத்தால் கடல் மீன்காரரும் வாய் திறக்கமாட்டார்.

அடுப்பைப் பற்றி ஒரு சொல். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றபோது, வீட்டைத் திருத்திக் கட்டுகையில் விறகடுப்பை இடித்தவர்கள் திண்டாடிப்போனார்கள். எங்கள் வீட்டில் அம்மா இடிக்கவிடவில்லை. இன்றும் கூட்டச் சமையல் விறகில், சிறு சமையல் எரிவாயுவில். பெரிய பானையை எரிவாயு அடுப்பில் ஏற்றினால் அடுப்பின் கால் தாங்காது, நெருப்பும் பானையின் நடுவில் மட்டும்தான் படும்.

சோறு வைப்பதென்றால் புழுங்கல் அரிசி கிலோவுக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வைக்கிறேன். கறிகள் குறைவாக இருக்கட்டும். ஒரு மீனோ இறைச்சியோ, ஒரு பருப்பு, ஒரு கீரை, ஒரு பொரியல், ஒரு சொதி. ஒன்பது கறி வைத்தால் பெருமை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்பது கறி வைத்தவர் சாப்பிடும் நேரத்தில் வியர்த்து ஒழுகிக் களைத்துப்போயிருப்பார். முதல்நாளே செய்யக்கூடியதை முதல்நாளே செய்துவிடலாம். ஆட்டிறைச்சிக் கறி மறுநாள்தான் ருசிக்கும், இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் நன்றாகக் கொதிக்க விட்டால் போதும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெள்ளைச் சொதியும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டாயம் இருக்கும். உறைப்பைத் தாங்க முடியாமல் கண்கலங்கும் பிள்ளையைப் பார்த்து ‘இதுகூடச் சாப்பிடத் தெரியாதா’ என்று சிரிக்கும் பெரியவர்களை நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அடுத்த முறை வரமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து எடுக்கும் பெரியவர்களுக்குப் பன்னிரண்டரைக்கே ஒரு கோப்பை போட்டுவிடுகிறேன். பிறகு பந்தியில் அவர்கள் மீண்டும் வந்து ஒரு கரண்டி சாப்பிட்டாலும் மகிழ்ச்சிதான்.

இனிக் கடைச் சாப்பாடு. ‘வீடு இருக்கக் கடை எதற்கு’ என்று கேட்கும் தலைமுறை எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மாவே முதலில் அப்படித்தான் கேட்டார். பிறகு ஒரு பின்னேரம் கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனோம். கொத்துரொட்டித் தகடு அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, தன் முன்னால் யாரோ ஒருவர் கோப்பையை வைத்ததைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘உப்பு சரியா என்று பார்க்கும் கவலை இல்லாமல் சாப்பிடுகிறேன்’ என்றார். அதன்பிறகு கடைக்குப் போவோமா என்று கேட்பவர் அவர்தான்.

கொத்து கடைக்குரிய சாப்பாடு. அந்தப் பெரிய தகட்டுச் சூடு வீட்டில் வராது. பொதுவாக ஒரு கொத்து இரண்டு பேருக்குப் போதும், ஆகவே ஆளுக்கொன்று சொல்லாமல் பாதி எண்ணிக்கை சொல்லித் தொடங்கினால் காசும் மிஞ்சும், வீணாவதும் குறையும். தனிக் குழம்பு கேட்டு வாங்கினால் பிள்ளைகளுக்கு உறைப்பைக் குறைக்க முடியும். அஜினமோட்டோ வேண்டாம் என்றால் தகட்டில் ரொட்டி விழுவதற்கு முன் சொல்ல வேண்டும். மதியச் சோற்றுக்கடைக்குப் போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்னரே போய்விடுங்கள். இரண்டு மணிக்குப் போனால் நல்ல கறிகள் முடிந்து பருப்பும் குழம்பும்தான் மிஞ்சியிருக்கும். விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்வதைவிட ‘இன்று என்ன புதிதாகச் சமைத்தீர்கள்?’ என்று பரிமாறுகிறவரிடம் கேட்பது எனக்கு எப்போதும் பலன் தந்திருக்கிறது. அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், அந்தப் பதில் நம்பத்தக்கது.

வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. கண்முன்னால் அவித்துச் சுட்டுத் தருகிறார்கள். இலைக்கஞ்சி, குரக்கன் புட்டு, கொழுக்கட்டை போன்றவை அங்கே குறைந்த விலையில் கிடைக்கும். சிறு பிள்ளைகளோடு பயணம் போகும்போது வயிற்றைப் பற்றிய பயம் குறைவு. ஏ9 வீதியில் போகும் எல்லோரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவது வழக்கம். அந்தக் கச்சானைச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் கையில் முழுதாகக் கொடுக்காதீர்கள், பிறகு சோறு இறங்காது.

பெரிய கூட்டமாகப் போனால் முதல்நாளே தொலைபேசியில் சொல்ல வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி, வயதானவருக்கு உயரமான கதிரை உண்டா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா என்பதையெல்லாம் கேட்டுவிடலாம். நண்டு, பெரிய இறால், முழு மீன் போன்றவற்றை நிறுத்து விற்கும் விலையும், சட்டியில் எத்தனை நண்டு வரும் என்பதும் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை. வீதியோரக் கடையொன்றில் ‘இன்றைய விலை’ என்று மட்டும் பட்டியலில் எழுதியிருந்தது. கேட்டபோது ‘அதிகம் வராது’ என்று சொன்னார்கள், கடைசியில் வந்த பில் அந்த வார்த்தையை ஒட்டவே இல்லை. அத்தான் காசைக் கொடுத்துவிட்டார், ஆனால் திரும்பும் வழி முழுக்க வாகனத்தில் யாரும் அந்த நண்டைப் பற்றிப் பேசவில்லை. நல்ல கடைக்காரர்கள் கேட்டால் கோபிப்பதில்லை, தராசையே காட்டுவார்கள்.

காசு விஷயத்தில் இன்னொன்று. வெளிநாட்டு உறவு வந்தால் கடைக் காசு அவர்களே கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளூரில் இருப்பவருக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பில் வந்ததும் தம்பியும் அத்தானும் காசாளர் முன்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுப்பார்கள், தம்பியின் முகம் வாடிப்போகும். இப்போது வீட்டிலேயே பேசி முடிவெடுக்கிறோம்: மீனும் கூழும் எங்கள் செலவு, கொத்து அத்தானுடையது, தேத்தண்ணியும் வடையும் தம்பியுடையது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தம்பி இப்போது வடைக்கடைக்கு முதல் ஆளாக நடக்கிறான்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதும்போது எங்களுக்கு வேறொரு நினைவும் வரத்தான் செய்யும். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின் மாவுக்கும் சீனிக்கும் பட்ட பாட்டை, 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் ஒரு சிரட்டைக் கஞ்சிக்காகக் காத்திருந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறோம். பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். ‘இதில் ஏன் பால் இல்லை?’ என்று கேட்கிறார்கள், அம்மா உட்கார்ந்து சொல்கிறார். எங்கள் வீட்டில் கோப்பையில் சோற்றை மிச்சம் விடுவதை யாரும் பொறுப்பதில்லை. முதலில் குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள், தேவை என்றால் மீண்டும் எடுக்கலாம் என்பது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொது.

மிஞ்சியதை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூழை அடுத்த நாளுக்கு வைப்பதில்லை, கடலுணவு சேர்ந்தது. அதனால்தான் அளவாகக் காய்ச்சுவது. புட்டு மிஞ்சினால் காலையில் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தால் பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். சோற்றில் இரவே தண்ணீர் விட்டு வைத்தால் பழஞ்சோறு. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தயிர், சூடாக்கிய முதல்நாள் மீன்குழம்பு எல்லாம் சேர்த்துப் பெரிய சட்டியில் அம்மா குழைத்து உருட்டுவார். கையை நீட்டியவருக்கெல்லாம் ஓர் உருண்டை. கடைசி உருண்டை குழைத்தவருடையது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன்.

புறப்படுகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் பொருட்களில் ஈரம் இருக்கக்கூடாது. வறுத்து இடித்த கறித்தூளும் ஒடியல் மாவும் ஒருநாள் வெயில் கண்ட பிறகு இரட்டைப் பையில் காற்றுப் போகாமல் அடைத்து, வெளியே என்ன பொருள் என்று எழுதி ஒட்டுகிறேன். கருவாட்டையும் இறைச்சி வத்தலையும் அந்தந்த நாட்டுச் சுங்க விதியைப் பார்க்காமல் பெட்டியில் வைப்பதில்லை. விமான நிலையத்தில் அக்கா பெட்டியைத் திறந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேர்ந்தால், பெட்டி கட்டிக்கொடுத்த எனக்குத்தான் தொலைபேசி வரும்.